திருகோணமலையிலிருந்து ரிவர்ஸ்டன், மீமுரே: கிறவல் சைக்கிளில் இரண்டு நாள் போதுமா?

கேள்வி: 2024 மே 12, ஞாயிறு, இரவு 8.15

அண்ணா, நாங்கள் உவர்மலைப் பக்கம் மூன்று பேர். மூவரிடமும் இப்போது கிறவல் சைக்கிள் (கல், மண் ரோட்டிலும் ஓடுகிற தடித்த டயர் சைக்கிள்) இருக்கிறது. ஜூலையில் இங்கிருந்து கிளம்பி ஹபரணை, தம்புள்ளை வழியாகப் போய் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ரிவர்ஸ்டன் கணவாய் ஏறி, மீமுரே கிராமத்துக்கு இறங்கி, கண்டியில் முடிக்க யோசனை. புல்மோட்டைக்குப் போய் வந்தாலே நூற்றுப்பத்து கிலோமீற்றர் வருகிறது. அதை ஆறு மணித்தியாலத்தில் முடிக்கிறோம். அந்தக் கணக்கில் மலைக்கு இரண்டு நாள் போதும்தானே?

மே 12, இரவு 9.40

போதாது தம்பி. நான்கு நாள் வையுங்கள். மீமுரேயை இந்தப் பயணத்தில் சேர்க்க வேண்டாம். காரணத்தை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

மே 13, காலை 6.20

மலைக்குத் திட்டம் போடும்போது கிலோமீற்றரை எண்ணாதீர்கள், வெளிச்சத்தை எண்ணுங்கள். நான் இதைக் கற்றது மீமுரே இறக்கத்தில்.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பரும் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரேக்குக் கிளம்பினோம். முப்பது சொச்சம் கிலோமீற்றர்தானே என்று பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு மணிக்குத்தான் பெடல் மிதித்தோம். டீன்ஸ்டன், லூல்வத்தை தாண்டி கோபட்ஸ் கெப் கணவாய்க்கு வந்தபோது ஐந்து மணி ஆகப் போகிறது. மூடுபனி. அங்கிருந்து இறக்கம்தானே, பறந்துவிடலாம் என்று நினைத்தோம். இறக்கத்தில் தேங்காய் அளவு கல். கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் சைக்கிளை நிறுத்தித் திருப்ப வேண்டியிருந்தது. சூரியன் மறைவது ஆறரைக்கு என்று நாம் கடற்கரையில் இருந்துகொண்டு சொல்கிறோம். அங்கே மலை முதுகுக்குப் பின்னால் அது ஐந்தரைக்கே போய்விடுகிறது. மரத்தடியில் கை தெரியவில்லை. எங்களிடம் இருந்தது தெருவிளக்கு உள்ள ஊரில் ஓட்டுகிற சின்ன லைட்.

கடைசி ஏழு கிலோமீற்றர் பிரேக்கைப் பிடித்தபடியே நடந்தோம். நண்பர் ஒருமுறை விழுந்து முழங்கை கிழிந்தது. ஊருக்குள் ஒரு வீட்டில் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்கள். பிரேக் பிடித்துப் பிடித்து என் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றன, விரியவில்லை. கிளாசை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தேன். முப்பது கிலோமீற்றர்தான், தம்பி.

மே 13, மதியம் 1.05

காலையில் எழுதியதன் தொடர்ச்சி. ஜூலையில் ஆறுக்குச் சற்று முன் விடியும், ஆறரைக்கு இருட்டும். பன்னிரண்டரை மணித்தியாலம் கையில் இருப்பது போலத் தோன்றும். இரண்டு பக்கமும் வெட்ட வேண்டியது இருக்கிறது.

கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ரோட்டோரக் காடு யானையின் வழி. விடியலிலும் மாலையிலும் அது ரோட்டுக்கு வரும். லொறிக்காரனுக்கு அது ஹோர்ன் அடித்துக் காத்திருக்கிற விஷயம், சைக்கிள்காரனுக்கு உயிர். காலை ஆறரைக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் அந்தத் துண்டில் சைக்கிள் இருக்கக் கூடாது. மலைக்கு மேலே பகல் இரண்டு மணிக்குப் பிறகு மூடுபனி எப்போதும் வரலாம். ஆகவே உண்மையில் கையில் இருப்பது ஒன்பது, பத்து மணித்தியாலம். அதில் சாப்பாடு, பங்சர், படம் எடுக்க நிற்பது எல்லாம் போக ஏழு.

பாரத்தோடு ஏறும்போது ஒரு மணித்தியாலத்துக்கு நானூறு மீற்றர் உயரம் என்று வையுங்கள். மாத்தளை நகரத்திலிருந்து ரிவர்ஸ்டன் கணவாய்க்கு முப்பது சொச்சம் கிலோமீற்றர், ஏற்றம் கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர். தூரத்தைப் பார்த்தால் ஒன்றரை மணித்தியாலம், உயரத்தைப் பார்த்தால் இரண்டரை. நிற்கிற நேரத்தோடு நான்கு.

இன்னொன்று. ரிவர்ஸ்டனிலிருந்து மீமுரேக்கு உங்கள் போன் நேராக ஒரு கோடு காட்டியிருக்கும். அது நடைபாதை, காட்டுக்குள் போகிறது. நக்கிள்ஸ் 2010இல் உலக மரபுரிமையில் சேர்ந்த காடு. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நுழையக் கூடாது. வாகனம் ஓடுகிற ரோட்டோடு நில்லுங்கள்.

மே 14, இரவு 10.30

நேற்று எழுதியதில் பெரிய விஷயம் ஒன்று விடுபட்டுவிட்டது. கச்சான்.

நீங்கள் போக நினைப்பது ஜூலை. ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரை நமக்கு வீசுவது கச்சான், தென்மேற்கிலிருந்து வருகிற சூடான வரட்டுக் காற்று. திருகோணமலையிலிருந்து ஹபரணை எந்தத் திசை? தென்மேற்கு. அதாவது எண்பத்தைந்து கிலோமீற்றரும் முகத்துக்கு நேரே காற்று. இருபதில் ஓட்டுகிறீர்கள், காற்றும் இருபதில் எதிரே வருகிறது என்றால் உடம்பில் படுகிற காற்று நாற்பது. வேகம் இரட்டித்தால் காற்றின் தள்ளு நான்கு மடங்கு. கந்தளாய்க்குள்ளேயே கால் செத்துவிடும்.

நான் வழியைத் தலைகீழாக மாற்றச் சொல்கிறேன். போகும்போது சைக்கிளை வாகனத்தில் ஏற்றி மாத்தளைக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இலுக்கும்புற, லக்கல, மொரகஹகந்த, நாவுல, தம்புள்ளை, ஹபரணை, வீடு. கடைசி நாள் முழுக்கக் கச்சான் முதுகில். கடலை நோக்கி இறங்கிக்கொண்டே வருவீர்கள்.

வீட்டு வாசலிலிருந்து மிதித்துப் போனோம் என்று சொல்ல முடியாதே என்று தோன்றும். வீட்டு வாசலுக்கு மிதித்து வந்தோம் என்று சொல்லுங்கள்.

மே 19, காலை 7.00

கியர் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாகவே சொல்கிறேன்.

முன் பல்லு 34, பின் பெரிய பல்லு 34 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சில்லு ஒரு சுற்று. நாற்பது மில்லிமீற்றர் டயர் போட்ட சில்லு ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர் போகும். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயர்கிற மேட்டில், பையும் தண்ணீருமாக நம்மைப் போன்றவர்கள் மணிக்கு ஐந்து கிலோமீற்றர்தான் போவோம். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு முப்பத்தெட்டுச் சுற்று. தார் ரோட்டில் எழும்பி நின்று சமாளிக்கலாம். கல்லில் எழும்பி நின்றால் பின் சில்லு வழுக்கிச் சுற்றும். முன்னால் 30, பின்னால் 40 இருந்தால் அதே வேகத்துக்கு ஐம்பது சுற்று வரும், உட்கார்ந்தபடியே ஏறலாம். முழங்கால் தப்பும்.

புதிதாகக் கியர் வாங்கக் காசு இல்லை என்றால் பின் பல்லுக்கட்டை மட்டும் மாற்றுங்கள். செயினை நகர்த்துகிற பழைய கியர் கை பெரிய பல்லைத் தாங்குமா என்று கடையில் போட்டுப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். நான் போட்டுப் பார்க்காமல் வாங்கி வந்து ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தேன்.

மே 26, மாலை 5.50

“சமதரையில் இருந்துகொண்டு மலைக்கு எப்படிப் பழகுவது?” நல்ல கேள்வி.

கச்சானே நமக்கு மலை. கந்தளாய்க் குளக்கட்டில் எதிர்க்காற்றில் ஒரு மணித்தியாலம் கனமான கியரில் இறங்காமல் மிதியுங்கள். மலையேற்றம் மாதிரியே கால் விடாமல் வேலை செய்யும். சமதரையில் பழகியவர்கள் மலையில் தோற்பது பலம் இல்லாமல் அல்ல, பெடலை நிறுத்தி ஓய்வெடுக்கிற பழக்கத்தால். மேட்டில் நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும்.

கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறுகிற மேடு இருக்கிறது. விடியற்காலையில் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள்.

மே 26, இரவு 9.15

கோயில் மேட்டைப் பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார், பூசைக்கு ஏறுகிற வயதான சனத்துக்கு நடுவில் சைக்கிளில் இறங்கி விளையாடுவதா என்று. அவர் சொன்னது சரி. மான்களும் அங்கே பாதையில் படுத்திருக்கும். ஏறுவதற்கு மட்டும் அந்த மேடு, இறங்கும்போது உருட்டிக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமையும் விசேட நாளும் வேண்டவே வேண்டாம்.

ஜூன் 2, காலை 8.10

டயர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கிறவல் என்றால் ஒரு பொருள், மலையில் வேறு.

பன்குளம், குமரன்கடவைப் பக்கத்து உள் ரோடுகள் சிவப்புக் கிறவல். மழைக்குப் பிறகு இறுகிப் பலகை மாதிரி இருக்கும். வெயிலில் மேல் மண் காற்றோடு போய், குன்றிமணி அளவு உருண்டைக் கல் மட்டும் மிஞ்சும். திரும்பும்போது சில்லு சறுக்குவது அதனால்தான். தோட்டத்து ரோடு அப்படியல்ல. அது கை வைத்துக் கல் பாவிய ரோடு. மேலே போட்ட தார் கழுவிப்போய், கல்லின் முனை நிமிர்ந்து நிற்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் புல், புல்லுக்குள் தண்ணீர். நம் கிறவல் வழுக்கும், அந்தக் கல் குத்தும்.

நாற்பது மில்லிமீற்றருக்குக் குறைந்த டயரோடு அங்கே போகாதீர்கள். நாற்பத்தைந்து கிடைத்தால் நல்லது. எழுபது கிலோ ஆளுக்கு டியூப்லெஸ் என்றால் முப்பது பி.எஸ்.ஐ. அளவில் வைக்கலாம். டியூப் போட்டிருந்தால் நாற்பதுக்குக் கீழே இறக்க வேண்டாம். கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் டியூப் நசிந்து பக்கத்துக்குப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஆளுக்கு இரண்டு மேலதிக டியூப், ஒரு கைப்பம்ப், செயின் துண்டு ஒன்று. கிழிந்த டயருக்குள் வைத்து ஒட்டப் பழைய டயரில் வெட்டிய துண்டு ஒன்றும் வேண்டும்.

ஜூன் 9, இரவு 8.45

பஸ்ஸில் சைக்கிள் ஏற்றுவார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு சைக்கிள் என்றால் கண்டக்டரோடு பேசிப் பார்க்கலாம். நான்கு சைக்கிளுக்கு ஒரு பட்டா (சின்ன லொறி) பிடித்துச் செலவைப் பங்கு போடுங்கள். அடியில் பழைய மெத்தை விரித்து, கியர் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள்.

நானும் வருகிறேன். மே மாதம் முழுக்க எழுதி எழுதி எனக்கே கால் அரிக்கத் தொடங்கிவிட்டது.

ஜூன் 17, இரவு 9.30

சனி, ஞாயிறு மச்சானோடு மோட்டார் சைக்கிளில் போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தேன். முன்பு எழுதியதில் சிலவற்றை மாற்ற வேண்டும்.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகிற ரோடு தார். கிறவல் வேண்டும் என்று வருகிற உங்களுக்கு அது ஏமாற்றம் தரும். கிறவலும் கல்லும் இருப்பது பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில். ஆகவே ஒரு நாளை முழுதாகக் கம்மடுவைப் பக்கத்துத் தோட்டத்து ரோடுகளுக்கு ஒதுக்குவோம். தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் போய்க் கேட்டோம், மறுக்கவில்லை.

கொழுந்து எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கீழே இறங்குகிற வழியைக் கேட்டேன். கூடையை இறக்காமலே நின்று சொன்னார்: “அந்தப் பக்கம் எறங்காதீங்க தம்பி, பாசி புடிச்ச கல்லு, ஆளே வழுக்கும். பத்தாம் நம்பர் மலையச் சுத்திப் போங்க, தூரம்தான், ஆனா தரை நல்லாருக்கும்.” எந்தப் போனும் இதைச் சொல்லாது. வழியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அதுவும் அங்கே நம் பாஷையில் கேட்கலாம்.

திரும்பும்போது மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கினோம். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பிள்ளைகள்தான் இந்தத் தோட்டங்களில் இருக்கிறார்கள். 2023இல், அவர்கள் வரத் தொடங்கி இருநூறு வருடமானதை நினைத்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. நான் அந்த ரோட்டைச் சைக்கிளில் எத்தனை மணித்தியாலம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். செருப்பில்லாமல், காய்ச்சலோடு, பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவர்களை நினைத்தபோது கோயில் வாசலில் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ஜூலை 7, காலை 6.40

சாமான். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொள்ளும்படி போத்தல். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) நான்கு பக்கற். பனங்கட்டி, கச்சான் கொட்டை (நிலக்கடலை), பேரீச்சம்பழம். சாப்பாட்டுக் கடை ரத்தோட்டையில் இருக்கிறது, அதற்குப் பிறகு நம்ப வேண்டாம். மழைச் சட்டை கட்டாயம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்கு மேல் குளிரும், நனைந்திருந்தால் இன்னும். ரத்தோட்டைப் பக்கம் அட்டை கடிக்கும், காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசுங்கள். முன் லைட் நல்லதாக ஒன்று, பகலில் முடிக்கிற திட்டமாக இருந்தாலும்.

ஜூலை 23, இரவு 9.00

நேற்றுப் பகல் வந்து சேர்ந்தோம். நால்வரும் நலம்.

18ஆம் திகதி வியாழன் பட்டாவில் போனோம். 19 தோட்டம். நாற்பத்திரண்டு கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம், மூன்று பங்சர். பத்தாம் நம்பர் மலையைச் சுற்றியே போனோம். அந்த அம்மா சொன்னது போலத் தரை நன்றாக இருந்தது.

20 ரிவர்ஸ்டன். போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) என்பதை நான் பார்க்கவில்லை, வான்கள் வரிசையாக வந்தன. அடுத்தவர்கள் நாட்காட்டியைப் பாருங்கள். ரத்தோட்டையிலிருந்து தூறல், மேலே ஏற ஏற மழை. கணவாயில் காற்று பின்னாலிருந்து தள்ளும் என்று நான் எழுதாவிட்டாலும் மனதில் அப்படித்தான் வைத்திருந்தேன். பின்னாலிருந்து வரவில்லை. மலை இடுக்கில் சுழன்று பக்கத்திலிருந்து அடித்தது. தம்பிமாரில் ஒருவரை ரோட்டோடு சேர்த்துத் தள்ளிக் ரோட்டோர வடிகானுக்குள் இறக்கிவிட்டது, நல்ல காலம் அது மலைப்பக்கத்துக் கான். அதன் பிறகு நால்வரும் இறங்கி, சைக்கிளைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் உருட்டினோம். சட்டை படபடவென்று அடித்துக்கொண்டதில் ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்கவில்லை.

அங்கிருந்து இறங்கினால் அரை மணித்தியாலத்தில் வேறு நாடு. பிட்டவல பத்தனைப் புல்வெளியில் வெயில். புல் காய்ந்து கிடக்கிறது. எங்கள் சட்டையிலிருந்து ஆவி எழும்பியது. தென்மேற்கு மழையை மேற்குச் சரிவே குடித்துவிட, கிழக்குச் சரிவு காய்கிறது. படித்ததுதான். ஆனால் ஈரமும் வரட்சியும் ஒரே சட்டையில் ஒரே காலையில் வந்ததை நான் மறக்க மாட்டேன்.

அங்கேதான் பிரேக் போனது.

ஜூலை 24, காலை 6.15

பிரேக் கதை. மேலதிக டியூப், செயின் துண்டு என்று எல்லாம் எழுதிய நான் பிரேக் கட்டையை எழுதவில்லை. இது என் பிழை, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். மழையில் ரோட்டு மணல் டிஸ்க்கில் ஒட்டி, மென்மையான ரெசின் கட்டையை அரத்தால் அராவுவது போல அராவிவிடும். ஒரு தம்பியின் புதுக் கட்டை இரண்டு நாளில் இரும்பு தெரிகிற அளவுக்குத் தேய்ந்தது. கீச்சென்ற சத்தம் கிர்ர் என்று மாறியபோதுதான் நிறுத்திப் பார்த்தோம். இலுக்கும்புற வரை பின் பிரேக் மட்டும். நான் முன்னால் மெதுவாகப் போக, அவர் என் வேகத்துக்கு மேல் வரக் கூடாது என்று பேச்சு. பிறகு என் பின் கட்டையைக் கழற்றி அவருக்கு முன்னால் போட்டோம், ஒரே வகை என்பதால் பொருந்தியது. நால்வரும் ஒரே வகைப் பிரேக் வைத்திருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று அப்போது தெரிந்தது.

லக்கலவில் இரவு. 21 நாவுல, தம்புள்ளை, ஹபரணை, நான்கு மணிக்கே அறைக்குள்.

22 காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். எண்பத்தைந்து கிலோமீற்றர், மிதித்த நேரம் மூன்று மணி இருபது நிமிடம். கந்தளாயில் தயிர் குடிக்க நின்றது தனி. பத்து மணிக்குப் பிறகு கச்சான் முழுதாக எழும்பியது. முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. தம்பலகாமத்து வயல்களில் நெல் எங்கள் திசைக்கே சாய்ந்து நின்றது. நான்கு நாள் களைப்போடு முப்பதில் ஓடினோம், யாரும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஜூலை 28, மாலை 6.30

கேள்வி கேட்ட தம்பி இப்போது மீமுரே எப்போது என்கிறார்.

பெப்ரவரி நடுப்பகுதி. அதற்குள் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்திருக்கும், கச்சானும் தொடங்கியிருக்காது. முதல் நாள் இரவு ஹுன்னஸ்கிரியவில் தங்கி, காலை ஏழுக்குக் கிளம்பி, பகல் பன்னிரண்டுக்குள் கோபட்ஸ் கெப் கணவாய். பன்னிரண்டைத் தாண்டினால் அங்கிருந்தே திரும்புகிறோம், பேச்சில்லை. இறங்கிவிட்டால் அன்று மீமுரேயில் தங்கல், அடுத்த நாள் காலையில் ஏற்றம்.

இன்னும் ஓர் இடம் இருக்கிறது. வருகிறவர் ஆளுக்கு இரண்டு சோடி பிரேக் கட்டை கொண்டுவர வேண்டும், எங்களுடைய வகையாகப் பார்த்து.